செங்கோட்டை வார வானிலை: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் எனக்கு தெரிஞ்ச பதிலும்

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை ராத்திரியும் அடுத்த ஏழு நாளைக்கு செங்கோட்டை, இலஞ்சி, குத்தாலம், தென்காசி வரைக்கும் வானம் எப்படி இருக்கும்னு சொந்தக்காரங்களுக்கும் பிரெண்ட்ஸுக்கும் எழுதி அனுப்புதேன். ஆரம்பத்துல நாலு பேரு, இப்போ அத்தைக்கு தெரிஞ்சவங்க, அவங்களுக்கு தெரிஞ்ச செங்கல் சூளைக்காரங்கன்னு எங்கெங்கயோ போகுது. வர்ற கேள்வியெல்லாம் ஒரே மாதிரி தான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். இனிமே கேட்டா இத தான் அனுப்புவேன், கோவிச்சுக்காதீங்க.

நீங்க என்ன வானிலை ஆபீஸ்லயா வேலை பாக்கீங்க? எத வச்சு சொல்லுதீங்க?

இல்லங்க, சும்மா வானத்த பாக்குற கிறுக்கு. சென்னை வானிலை ஆய்வு மையம் மத்தியானம் போடுற அறிக்கை, விண்டிங்குற வானிலை ஆப்புல ஐரோப்பா, அமெரிக்கா ரெண்டு நாட்டு கம்ப்யூட்டர் மாடலும், திருவனந்தபுரம் தும்பா ரேடார், சாட்டிலைட் படம், அப்புறம் எங்க வீட்டு மொட்டைமாடில இருந்து தெரியுற மேக்கு மலை. இந்த கடைசி ஒண்ணு தான் ஊர்ல எல்லாருக்கும் ஃப்ரீ, ஆனா யாரும் பாக்குறதில்ல.

ஆப்புல மழை படம் போட்டிருக்கான், இங்க வெயில் மண்டைய பொளக்குது. ஆப்பு பொய் சொல்லுதா?

பொய் இல்ல. கம்ப்யூட்டர் மாடல் பூமிய சின்ன சின்ன கட்டமா பிரிச்சு தான் கணக்கு போடும். ஐரோப்பா மாடல்ல ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்கா மாடல்ல சுமார் 13. இந்தியாவுல 2025 மே மாசம் 6 கிலோமீட்டர் கட்டத்துல புது மாடல் கொண்டு வந்திருக்காங்க, நல்ல முன்னேற்றம் தான். ஆனா நம்ம ஊர யோசிங்க, புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் பக்கம் போனா நனைஞ்சு போயிருவீங்க, அங்கேர்ந்து திரும்பி செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வந்தா தூத்தல், தென்காசி போனா மூட்டம், பாவூர்சத்திரம் போனா கண்ணுல மண்ணு. மலை, கணவாய், வயக்காடு எல்லாத்தையும் கொண்டுபோய் ரெண்டு மூணு கட்டத்துக்குள்ள அடைச்சா கட்டத்துக்கு ஒரு நம்பர் தான் வரும். அந்த நம்பர் பாதி மலைக்கு, பாதி ஊருக்கு. அதனால மழை படத்த பாக்காதீங்க, காத்து எந்த பக்கம்னு பாருங்க. நான் எழுதுற வார அறிக்கைல முதல் வரி எப்பவும் காத்து தான், அது ஏன்னு கீழ சொல்லுதேன்.

மேகம்னா என்ன, நீராவி தானே?

பள்ளிக்கூடத்துல அப்படித்தான் மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா தப்பு. நீராவி கண்ணுக்கே தெரியாது. இட்லி கொப்பரை மூடிய திறந்தா வெள்ளையா புகை மாதிரி வருதுல்லா, அது ஆவி இல்ல, ஆவி வெளில உள்ள குளுந்த காத்துல பட்டு பொடிப்பொடி தண்ணித் துளியா மாறினது. மேகமும் அதே தான், துளி. ரொம்ப உசரத்துல இருந்தா ஐஸ் துணுக்கு.

ஆனா ஆவி சும்மா துளியாகாது, ஒட்டிக்க ஒரு பிடி வேணும். தூசி, அடுப்புப் புகை, கடல் அலை தெறிச்சு காத்துல கலந்த உப்புத் துகள் இதெல்லாம் தான் அந்த பிடி. நமக்கு வர்ற மேகாத்து (மேக்க இருந்து அடிக்குற காத்து) அரபிக்கடல் மேல நெடுந்தூரம் வந்த காத்து, உப்புக்கு பஞ்சமே இல்ல. ஆக கொல்லத்து கடல் உப்பு தான் செங்கோட்டைல சாரலா விழுதுன்னு சொன்னா ரொம்ப தப்பில்ல. (நாக்குல வச்சு பாத்துட்டு கரிக்கலையேன்னு எங்க சித்தி மகன் வந்து நின்னான், அவ்ளோ உப்பு இருக்காதுல.)

மேல போனா சூரியனுக்கு கிட்ட தானே போறோம், அப்புறம் ஏன் மேல குளுரு?

இது தான் எனக்கு பிடிச்ச கேள்வி, ஆறாம் வகுப்பு புள்ள ஒண்ணு கேட்டது. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரம், நீங்க ரெண்டு கிலோமீட்டர் ஏறுனதெல்லாம் அதுக்கு ஒரு கணக்கே இல்ல. காத்த நேரடியா வெயில் அதிகமா சூடாக்குறதில்ல, வெயில் தரைய சூடாக்கும், தரை தான் காத்த சூடாக்கும்.

இன்னொண்ணு. சைக்கிள் டியூப்ல பம்பு அடிக்கும்போது பம்போட அடிப்பக்கத்த தொட்டு பாருங்க, சுடும். அதே டியூப்ல வால்வ பிடுங்கி காத்த விட்டா சில்லுன்னு வரும். அமுக்குனா சூடு, விரிஞ்சா குளுரு. மேல போகப் போக அழுத்தம் குறையும், ஏறுற காத்து விரியும், விரிஞ்சா குளுரும். அதுல துளி கட்டாத வரைக்கும் 1000 மீட்டருக்கு கிட்டத்தட்ட 10 டிகிரி குறையும். ஒரு இடத்துல இனிமே ஆவிய ஆவியாவே வச்சிருக்க முடியாதுங்குற சூடுக்கு வந்துரும், அங்க துளி கட்ட ஆரம்பிக்கும், அது தான் மேகத்தோட அடிப்பாகம். மேகத்துக்கு அடி ஏன் தட்டையா, யாரோ அருவாளால சீவின மாதிரி இருக்குன்னு கேட்டா காரணம் இது தான், அந்த உசரத்துல தான் ஆவி துளியாகுற கோடு ஓடுது.

அந்த உசரத்த நீங்களே கணக்கு போடலாம். இப்போ உள்ள வெப்பநிலைல இருந்து பனிநிலைய கழிங்க (ஆவி துளியாக ஆரம்பிக்குற வெப்பநிலை, ஆப்புல டியூ பாயிண்ட்னு இருக்கும்), வந்தத 125ஆல பெருக்குங்க. வெப்பநிலை 30, பனிநிலை 24ன்னா வித்தியாசம் 6, மேகத்தோட அடி சுமார் 750 மீட்டர் மேல. வித்தியாசம் ரெண்டு மூணுன்னு வந்துட்டா மேகம் மலைல பாதிக்கு இறங்கி நிக்கும். வீட்டுக்கு பின்னாடி பாருங்க, நின்னுட்டு தான் இருக்கும்.

மேகம் எவ்ளோ வெயிட் இருக்கும்? அவ்ளோ தண்ணி ஏன் தொப்புன்னு விழல?

ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள சாதாரண வெள்ளை மேகத்துல, கன மீட்டருக்கு அரை கிராம் தண்ணின்னு வச்சா மொத்தம் 500 டன். 10 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி 50. அது தலைக்கு மேல மிதக்குது.

விழாததுக்கு காரணம் ஒவ்வொரு துளியும் அவ்ளோ பொடிசு. தலைமுடி தடிமன்ல கால்வாசி கூட ஒரு துளி வராது. அது விழுற வேகம் செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர், கீழேர்ந்து லேசா காத்து ஏறினாலே தூக்கிப் பிடிச்சுக்கும். அந்த மாதிரி பத்து லட்சம் துளி சேந்தா தான் ஒரு நல்ல மழைத்துளி. அதனால தான் "மேகம் இருக்கு மழை இல்ல"ங்குறது அதிசயம் ஒண்ணும் இல்ல, பெரும்பாலான மேகம் பெய்யாமலே கரைஞ்சு போயிரும்.

சாரல்னா என்ன, மழையா பனியா? சில நாள் வெயிலும் சாரலும் சேந்து வருதே?

சென்னைக்காரங்க கிட்ட சாரல்னா தூறல்னு நினைச்சுக்குவாங்க. நம்ம சாரல் வேற. அது பெரும்பாலும் நம்ம தலைக்கு மேல உள்ள மேகத்துல இருந்து விழுறதில்ல, மலை மேல நிக்குற மேகத்துல இருந்து காத்து அள்ளிட்டு வர்றது.

கணக்கு போட்டு பாத்தேன், எனக்கே ஆச்சரியம். அரை மில்லிமீட்டர் சின்னத் துளி செகண்டுக்கு சுமார் 2 மீட்டர் வேகத்துல விழும். ஊருக்கு 1000 மீட்டர் மேல இருந்து கிளம்பினா தரைக்கு வர 500 செகண்ட். அந்த நேரத்துல மேகாத்து மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா துளி கிழக்க 6 கிலோமீட்டருக்கு மேல நகர்ந்து தான் விழும். மலைமுகட்டுல பெய்ய வேண்டியது நம்ம ஊர்ல விழுதுன்னா அதான் காரணம். தலைக்கு மேல மேகம் இல்லாததால வெயிலும் இருக்கும், காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம். காலைல சூரியன் கிழக்க இருக்கும்போது மேக்கு மலைல வானவில் தெரியும், பல பேரு அந்த நேரத்துல போன பாத்துட்டு டீக்கடைல உக்காந்திருப்பாங்க.

இன்னொரு விஷயம், நம்ம ஊருக்கு நேர் மேக்க ஆரியங்காவு கணவாய் இருக்கு, செங்கோட்டை கணவாய்னும் சொல்லுவாங்க. 1904ல கொல்லம் ரயிலு மலைய கடந்து வந்ததும் அந்த வழியா தான், பதிமூணு கண் பாலம் அங்க தான். ரயிலுக்கு எது சுலபமான வழியோ காத்துக்கும் அது தான் சுலபமான வழி. மத்த இடத்துல மலை மறிச்சு ஈரத்த எல்லாம் கேரளா பக்கமே கொட்ட வச்சிரும், இங்க மட்டும் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும்போதே காத்து உள்ள பூந்துரும். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல தான் இருந்துச்சு, எங்க ஆச்சி சொல்லும், "ஊரு தமிழ்நாட்டுக்கு வந்துட்டு, மழை இன்னும் மலையாளத்துல தாம்லா கெடக்கு"ன்னு.

அப்போ ஆலங்குளம், கயத்தாறு பக்கம் ஏன் வெறும் காத்து மட்டும்?

மலை ஏறின காத்து ஈரத்த இறக்கி வச்சிட்டு கீழ இறங்கும்ல, இறங்கும்போது அமுங்கும், அமுங்குனா சூடாகும். கேரளா அடிவாரத்துல 27 டிகிரில கிளம்புற காத்து, 500 மீட்டர் வரைக்கும் வேகமா குளுந்து, அதுக்கு மேல மேகம் கட்டிக்கிட்டே மெதுவா குளுந்து (ஆவி துளியாகும்போது சூட்ட வெளில விடும், அதான் மெதுவா), முகட்டுல 18 கிட்ட வந்து, மழைய கொட்டிட்டு இந்த பக்கம் இறங்கும்போது 29, 30 ஆயிரும். அதே காத்து தான், ஆனா சூடா, காய்ஞ்சு. கிழக்க போகப் போக மிச்ச மேகமும் கரைஞ்சுரும். ஆனா வேகம் மட்டும் குறையாது, அதான் கயத்தாறு பக்கம் காத்தாலையா நிக்குது. ஆடிக்காத்துல அம்மி பறக்கும்ங்குறது அந்த பக்கத்துக்காரங்களுக்கு சரி, நமக்கு ஆடில குடையே நிக்காது.

ஏழு நாள்ல எத்தன நாளு நம்பலாம்?

முதல் ரெண்டு நாள் நல்லா நம்பலாம், மூணாவது நாலாவது நாள் பரவால்ல. அஞ்சாவது நாளுக்கு மேல நான் எழுதுறது "காத்து கூடும்", "காத்து தளரும்" மாதிரி போக்கு தான். ஏழாம் நாள் சாயங்காலம் 5 மணிக்கு மழை வருமான்னு கேட்டா எனக்கும் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது, ஆனா அது 5 மணிக்குன்னு தைரியமா போட்டிருக்கும்.

ஏன்னா வானத்துல இன்னிக்கு ஒரு சின்ன அளவுல தப்பா அளந்துட்டா அது நாளாக நாளாக பெருகிரும். 1961ல எட்வர்ட் லாரன்ஸ்னு ஒரு விஞ்ஞானி கம்ப்யூட்டர்ல வானிலை கணக்கு ஓட்டும்போது ஆறு இலக்க தசமத்த மூணு இலக்கமா சுருக்கி போட்டு பாத்தாரு, கொஞ்ச நேரத்துல விடை சம்பந்தமே இல்லாம எங்கயோ போயிருச்சு. நம்ம கிட்ட உள்ள அளவே ஓட்டை. திருவனந்தபுரத்துல காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு பலூன் விட்டு மேல் காத்த அளப்பாங்க, நடுவுல உள்ள இடத்துக்கெல்லாம் சாட்டிலைட்டும் ஊகமும் தான்.

நான் ஒரு வழி வச்சிருக்கேன்: ரெண்டு மாடலும் ஒரே மாதிரி சொன்னா எழுதுவேன், ரெண்டும் அடிச்சுக்கிட்டா "இன்னும் தெளிவில்ல, புதன்கிழமை சொல்லுதேன்"னு எழுதுவேன். அதுக்கு தான் அதிகமா திட்டு வாங்குவேன்.

உதாரணத்துக்கு ஒரு ஜூன் வாரத்த எப்படி எழுதுவீங்க?

இப்படி இருக்கும்: "திங்கள், செவ்வாய் ஒன்றரை கிலோமீட்டர் உசரத்துல மேகாத்து பலமா இருக்கு, கேரளா கடலோரம் காத்தழுத்த தாழ்வு நீளமா கெடக்கு, மலைல நல்ல மழை, ஊர்ல விட்டு விட்டு சாரல், அருவில தண்ணி கூடும். புதன்ல இருந்து காத்து தளருது, மேகம் மலையோட நின்னுரும், பகல்ல வெயில். வெள்ளிக்கு மேல காத்து நின்னா மத்தியானம் இடி மேகம் வளர வாய்ப்பு." அவ்ளோ தான். அந்த ஒன்றரை கிலோமீட்டர் உசரத்து காத்த தான் நான் எப்பவும் பாக்கேன், தரைல அடிக்குற காத்த மரமும் வீடும் குழப்பிரும். ஆப்புல 850ன்னு ஒரு காத்தழுத்த மட்டம் இருக்கும், அது தான்.

வானிலை அறிக்கைல "ஓரிரு இடங்களில்"னா எங்க ஊரும் சேத்தியா? மழைக்கு 60 சதவீதம் வாய்ப்புன்னா?

அந்த வார்த்தைக்கெல்லாம் அளவு இருக்கு, சும்மா போடுறதில்ல. ஓரிரு இடம்னா அந்த பகுதில உள்ள மழைமானி நிலையங்கள்ல கால்வாசிக்குள்ள, சில இடம்னா பாதிக்குள்ள, பல இடம்னா முக்காவாசிக்குள்ள, பெரும்பாலான இடம்னா அதுக்கும் மேல. 60 சதவீதம்னா ஊர்ல 60 சதவீதம் நனையும்னோ, பகல்ல 60 சதவீத நேரம் பெய்யும்னோ இல்ல. இது மாதிரி பத்து நாள் வந்தா ஆறு நாள் பெய்யும், நாலு நாள் பெய்யாது. அந்த நாலுல ஒண்ணு உங்க வீட்டு கல்யாணத்தன்னிக்கு வந்தா நல்லது, ஆறுல வந்தா பந்தல் போடுங்க.

கனமழைன்னா 24 மணி நேரத்துல 7ல இருந்து 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12ல இருந்து 20, அதுக்கு மேல அதி கனமழை. நாள் கணக்கு காலை எட்டரைக்கு எட்டரை. ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் பெஞ்சா 40 ஆயிரம் லிட்டருக்கு மேல தண்ணி, இத வயக்காட்டுக்காரங்களுக்கு சொன்னா தான் "அப்படியா"ன்னு நிமிர்ந்து பாப்பாங்க.

மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட்: கவனிச்சுக்கோ, தயாரா இரு, உடனே நடவடிக்கை எடு. ரெட் அன்னிக்கு லீவு உண்டான்னு கேக்குற பசங்களுக்கு, அது கலெக்டர் வேலை, என் கிட்ட கேக்காதீங்க.

எந்த மேகத்த பாத்தா பயப்படணும்?

மேகத்துக்கு பேரு வச்சது லண்டன்ல மருந்து வியாபாரம் பண்ணின லூக் ஹோவர்ட், 1802ல. நம்ம பாடப்புத்தகத்துல கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம்னு படிச்சது அவர் வழில வந்தது தான். கீற்று ரொம்ப உசரத்துல உள்ள ஐஸ், ஒண்ணும் பண்ணாது. பஞ்சு மாதிரி திரள் மேகம் அகலத்த விட உசரம் கம்மியா இருந்தா பேசாம துணி காயப் போடுங்க. படை மேகம் தான் சீசன்ல வானத்த மூடி நிக்குறது, அழுமூஞ்சி, ஆனா சாது.

பயப்பட வேண்டியது கார்திரள். மத்தியானம் காலிஃப்ளவர் மாதிரி பொங்கிப் பொங்கி வளரும், உச்சி 15 கிலோமீட்டர் தாண்டும், மேல போய் கொல்லன் பட்டறைக்கல்லு மாதிரி தட்டையா விரிஞ்சுட்டா முடிஞ்சு போச்சு, இடி மின்னல் சூறைக்காத்து எல்லாம் உண்டு. நமக்கு இது சித்திரை வைகாசில தான் அதிகம், மேகாத்து பலமா இல்லாத நாள்ல, கிழக்கேர்ந்து வர்ற காத்தும் மேக்கேர்ந்து வர்றதும் மலை மேல முட்டிக்கிட்டு ரெண்டுக்கும் போக்கிடம் மேல மட்டும் தான்னு ஆகும்போது. மின்னல் பாத்ததுல இருந்து இடி கேக்க எத்தன செகண்டுன்னு எண்ணி மூணால வகுத்தா கிலோமீட்டர். முப்பது செகண்டுக்குள்ள கேட்டா தென்னந்தோப்புல நிக்காதீங்க, வீட்டுக்குள்ள போயிருங்க.

ஊர்ல பொட்டு மழை இல்ல, அருவில குளிச்சா என்ன?

இத மட்டும் விளையாட்டா எழுத மாட்டேன். 2024 மே 17, பழைய குத்தாலம் அருவில திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசு பையன் ஒருத்தன் போயிட்டான். நான் மேல சொன்ன கார்திரள் வேலை இது தான், மழை மலை உச்சில, குளிக்குறவங்க கீழ. சாரல் சீசன்ல தண்ணி பெரும்பாலும் படிப்படியா கூடும், கோடை இடிமழைல நிமிஷத்துல வரும். நம்ம ஊருக்காரங்களுக்கு சாரல் காலம் பழகிப் போன தைரியம் இருக்கு, அத கோடைக்கு தூக்கிட்டு போகக்கூடாது. தண்ணி கலங்கினா, இலை சுள்ளி வந்தா, இரைச்சல் மாறினா, அடுத்த நிமிஷம் ஏறிருங்க. சோப்பு போட்டிருந்தாலும் சரி. மலை மேல கருப்பா திரண்டிருந்தா நான் அறிக்கைல என்ன எழுதியிருந்தாலும் போகாதீங்க.

பெரிய மழை சாரல் சீசன்லயா ஐப்பசிலயா?

ஐப்பசி, கார்த்திகை. கொண்டல் காத்து கிழக்க இருந்து வந்து அதே மலைல இந்த பக்கமா முட்டும், இப்போ நனையுற பக்கம் நாம. புயல் வந்தா தான் வெள்ளம்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அது புயலே இல்ல, குமரிக்கடல் பக்கம் நின்ன மேலடுக்கு சுழற்சி. பேரு வைக்காததால நம்ம ஆளுங்க அசால்ட்டா இருந்துட்டாங்க.

தட்டான் தாழப் பறந்தா மழை வருமா?

சில சமயம் வரும். ஈரம் கூடுன காத்துல பொடிப் பூச்சிகள் தாழ வரும், தட்டான் இரை தேடி பின்னாடி வரும்னு சொல்லுதாங்க, நம்ம ஊர்ல ஈரம் பாதி வருஷம் இருக்கு, தட்டானும் பாதி வருஷம் தாழத் தான் பறக்குது. எனக்கு அத விட மலை நம்பிக்கை. முகட்ட மேகம் முண்டாசு மாதிரி சுத்தி கட்டியிருந்து விளிம்பு இந்த பக்கமா வழிஞ்சா மேகாத்து பலம், அரை மணி ஒரு மணில சாரல். முகடு பளிச்சுன்னு மரம் எண்ணுற மாதிரி தெரிஞ்சா அன்னிக்கு வெறும் வெயில் தான்.

மாடில வத்தல் காயப் போடலாமா?

சத்தியமா இது தான் அதிகமா வர்ற கேள்வி, மூணு அத்தை, ஒரு பெரியம்மா, ஒரு ஓட்டல் அண்ணாச்சி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் செங்கோட்டைல வேண்டாம் பெரியம்மா. ஆலங்குளத்துல உள்ள அத்தை வீட்டுக்கு குடுத்து விடுங்க, அங்க காத்துல ரெண்டு நாள்ல காயும், மேல ஒரு வலைய மட்டும் கட்டி போடச் சொல்லுங்க, இல்லன்னா கயத்தாறுல போய் தான் பொறுக்கணும்.